போர்வை பெறாதவள்: நடுவயதில் தொடங்கும் பழந்தமிழ் வாசிப்பு

(கொடைக்கானலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



பழைய நூல்களும் இன்றைய வாசகரும் என்ற பொருளில் பேசும்படி என்னைக் கேட்டார்கள். அதைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்ள அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். எனவே நாற்பதைத் தாண்டிய வாசகரைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். பள்ளிக்கூடத்தோடு செய்யுளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்கடன் என்று இருபது முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம்மில் ஏராளம். புறநானூறு, குறுந்தொகை என்று காதில் விழுந்தால், "இனிமேல் எங்கே அதையெல்லாம் படிக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நீங்கள் காலம் தவறி வரவில்லை. நம் பழைய நூல்களில் பெரும்பகுதி வாழ்ந்து பார்த்தவர்களை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. அவற்றின் சுவை முழுதாகப் பிடிபடுவது உங்கள் வயதில்தான்.

உற்சாகப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இதற்குச் சான்று இந்த மலையிலேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. பள்ளிக்கூடம் கொடுத்த பேகன்

முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் பேகன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். வையாவிக் கோப்பெரும் பேகன் என்பது அவன் முழுப்பெயர். ஆவியர் குடியில் வந்தவன். அந்தக் குடியின் ஊரான பொதினியை அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் சொல்லிவிடுகிறார். பொதினிதான் இன்றைய பழனி என்பது அறிஞர்கள் கொண்ட முடிவு. மேகம் விலகும் நேரத்தில் குறிஞ்சியாண்டவர் கோயில் பக்கம் நின்று கீழே பார்த்தால் பழனி தெரிகிறது அல்லவா, அது அவன் மண். நாம் இப்போது பேகன் நாட்டில்தான் கூடியிருக்கிறோம்.

பள்ளியில் படித்தது தவறான பாடம் இல்லை. புறநானூற்றின் 141ஆம் பாட்டில் பரணர் சொல்வதுதான் அது. மயில் அந்தத் துணியை உடுத்திக்கொள்ளப் போவதில்லை, போர்த்திக்கொள்ளப் போவதும் இல்லை என்று தெரிந்தே கொடுத்தானாம். அடுத்த பாட்டில் அவனை மழையோடு ஒப்பிடுகிறார். வற்றிய குளத்திலும் பெய்யும், விளையும் வயலிலும் பெய்யும், ஒன்றும் முளைக்காத களர் நிலத்திலும் பெய்யும் மழை. அவனும் இடம் பார்த்துக் கொடுக்கத் தெரியாதவன். ஒரு குழந்தைக்கு இவ்வளவு போதும். மயிலைப் பார்த்து இரங்கிய ஒரு தலைவனைக் குழந்தை மறக்காது. அந்த விதையைப் போட்ட ஆசிரியர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தப் பாடம் 142ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது.

2. அடுத்த பக்கம்

பக்கத்தைத் திருப்பினால் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள். பாடியவர்கள் நால்வர்: கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். பரணர் மட்டும் இரண்டு பாடியிருக்கிறார். ஐந்துக்கும் பொருள் ஒன்றே. மயிலுக்கு இரங்கிய பேகன் மனைவியைக் கைவிட்டு வேறொருத்தியிடம் இருக்கிறான். மனைவி தனியாக அழுதுகொண்டிருக்கிறாள். அவள் பெயர் பாட்டுக்குள் எங்குமே இல்லை. பாட்டின் அடியில் உள்ள பழங்குறிப்புதான் அவன் துறந்த கண்ணகி என்று அவளுக்கு ஒரு பெயரை மிச்சம் வைத்திருக்கிறது.

நான்கு புலவர்களும் அவன் கொடையால் வாழ்ந்தவர்கள். சோறு போடுகிறவனிடம் போய் அவன் வீட்டு விவகாரத்தைப் பேசுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். சொந்தத்தில் ஒரு தம்பதிக்கிடையே பஞ்சாயத்துப் பேசப் போனவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். எப்படித் தொடங்குவது, யாரைச் சாடாமல் விடுவது, எந்த இடத்தில் குரலை உயர்த்துவது? நால்வரும் ஆளுக்கொரு வழி பிடிக்கிறார்கள்.

கபிலர் தெரியாதவர்போல் கேட்கிறார். முரசுபோல அருவி ஒலிக்கும் மலையில் உன் சிற்றூருக்கு வந்தோம், பசியோடு வந்தோம், வாசலில் நின்று உன்னையும் உன் மலையையும் பாடினோம். அதைக் கேட்டு ஒரு பெண் கண்ணீரை நிறுத்தமுடியாமல் அழுதாள், குழல் ஏங்குவதுபோல விம்மினாள். அவள் யாரப்பா, பாவம்? இவ்வளவுதான் பாட்டு. அவள் யாரென்று கபிலருக்கும் தெரியும், பேகனுக்கும் தெரியும். குற்றம் சாட்டாமல் ஒரு கேள்வியை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நாற்பது வயதுக்கு மேல்தான் இந்தக் கேள்வியின் கூர்மை படிப்பவரைக் குத்துகிறது.

பரணர் அவளையே பேச வைக்கிறார். நீ பேகனுக்கு உறவா என்று கேட்டார்களாம். காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள். நாங்கள் அவருக்கு உறவில்லை. என்னைப் போன்ற இன்னொருத்தியின் அழகை விரும்பி முல்லை வேலி சூழ்ந்த நல்லூருக்கு நாளும் தேரேறி வருகிறார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். "சொல்லிக்கொள்கிறார்கள்" என்ற பொருள் அங்கே வருகிறது, பாருங்கள். தன் கணவன் செய்தியை ஊர் வாயால் கேட்க வேண்டிய நிலை. உறவில்லை என்று அவள் சொல்வதில் கோபமும் இருக்கிறது, மானமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று இளம் வயதில் எடைபோட முடியாது.

இந்த ஐந்தில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது 145, பரணரின் இரண்டாம் பாட்டு. பத்தடி இருக்கும். மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை கொடுத்த புகழாளனே என்றுதான் தொடங்குகிறார். நாம் பள்ளியில் படித்த அதே மயில். பின்னால் சொல்கிறார்: நாங்கள் பசித்து வரவில்லை, தாங்கவேண்டிய சுமையும் எங்களுக்கு இல்லை, நாங்கள் கேட்கும் பரிசில் வேறு. இன்றிரவே தேரேறிப் போய், வேதனையோடு வாழும் அவளது துயரத்தைத் தீர்த்துவிடு. மயிலையும் மனைவியையும் ஒரே பாட்டில் அருகருகே நிறுத்திவிட்டு, வேறு ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுவிடுகிறார் பரணர். குளிரில் மயில் நடுங்கும் என்று தோன்றியதே உனக்கு, வீட்டில் ஒருத்தி இருப்பது தோன்றவில்லையா என்று அவர் கேட்கவே இல்லை. படிக்கிறவர்தான் கேட்டுக்கொள்கிறார்.

அரிசில் கிழார், நீ தரும் நகையும் செல்வமும் உன்னிடமே இருக்கட்டும், அவள் கூந்தலுக்கு நறும்புகை ஊட்டி மாலை சூடும்படி உன் குதிரைகளைத் தேரில் பூட்டு, அதுவே எங்களுக்குப் பரிசில் என்கிறார். கடைசியாக வரும் பெருங்குன்றூர் கிழாருக்கு இந்த நயமெல்லாம் இல்லை. தனியாக உட்கார்ந்து மழைத்துளியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், எண்ணெய் மறந்த அவள் கூந்தல் கழுவிய மணிபோல ஆகவேண்டும், பூ ஏறவேண்டும், நீ இன்று போ.

பேகன் போனானா? புறநானூறு சொல்லவில்லை.

ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்தவன், வீட்டில் ஒருத்தியைத் தவிக்கவிட்டான். இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. அவன் கொடையைப் பாடிய அதே பரணர் அவன் கொடுமையையும் பாடினார், தொகுத்தவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள். ஒரு மனிதனைப் பற்றி இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியாது. முடியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. இவை பெரியவர்களுக்கான பாட்டுகள் என்று நான் சொல்வது இதனால்தான். திருக்குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். 133 அதிகாரங்களில் 25 அதிகாரம் இன்பத்துப்பால். 250 குறள்கள். பள்ளிப் பாடத்தில் அவற்றுக்கு அநேகமாக இடமில்லை. திருக்குறள் தெரியும் என்று சொல்கிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

3. உரை நம்மிடமே இருக்கிறது

பழைய சொற்கள் புரியாதே என்பது எல்லோரும் சொல்லும் தடை. உண்மையான தடைதான். அகராதியும் உரையும் வேண்டும். ஆனால் உரையாசிரியர் தரமுடியாத ஓர் உரை இருக்கிறது. அது படிப்பவரின் ஆயுள்.

நேற்று மாலை இவ்வூர் அன்பர்கள் சிலரோடு உட்கார்ந்து இந்தப் பாட்டுகளை வாய்விட்டுப் படித்தோம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்புக்குப் பிறகு செய்யுள் படித்ததே இல்லை என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தவர். எண்ணெய் மறந்த கூந்தல் என்ற இடம் வந்ததும், "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். பிறகு சொன்னார்: "வார்டுல ஒரு பொம்பளை தேறி வர்றான்னு எங்களுக்கு எப்பத் தெரியும் தெரியுமா? சீப்புக் கேக்கும்போது. காய்ச்சல் இறங்குறதுக்கு முந்தியே அது வந்துரும். இந்தப் பாட்டு எழுதினவரும் அதைப் பாத்திருக்காரு."

நான் எத்தனையோ உரைகளைப் படித்திருக்கிறேன். அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் ஏன் இருவருமே கூந்தலைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. கணவன் பிரிந்தால் மனைவி கூந்தலைப் பேணமாட்டாள், அது மரபு என்று வகுப்பில் சொல்லுவோம். மரபுதான். அந்த மரபுக்கு அடியில் இருக்கும் உயிரை அந்த அம்மா ஒரே பேச்சில் எடுத்துக் காட்டிவிட்டார்.

அதே கூட்டத்தில் பூம்பாறைப் பக்கம் பூண்டு போடுகிற ஒருவரும் இருந்தார். கபிலரின் பாட்டு மலைக்குறவர்களைச் சொல்லித் தொடங்குகிறது. மழை வரவேண்டும் என்று பலியிட்டு வேண்டிக்கொள்கிறார்கள், வந்த மழை அளவு மீறினால் போதும் நின்றுவிடு என்று மறுபடி கும்பிடுகிறார்கள், நின்றதும் மகிழ்ந்து தினையை உண்கிறார்கள். கேட்டதும் அவர் தலையாட்டினார். பூண்டுக்கு மழை வேண்டும், விட்டால் அதே மழையில் பூண்டு அழுகும். மேகத்தை அழைத்துவிட்டு அதே வாயால் போகச் சொல்வதில் அவருக்கு முரணே தெரியவில்லை. சமவெளியில் படித்த எனக்கு அந்தத் தொடக்கம் வெறும் மலைவருணனையாக இருந்தது. அவருக்கு அது போன பருவத்துக் கணக்கு. அவர் சொன்ன பிறகே எனக்கு இன்னொன்றும் பட்டது. வேண்டும்போது தெய்வத்தை அழைக்கிற, போதும் என்னும்போது சொல்லிவிடுகிற எளிய குடிமக்களைக் காட்டிவிட்டுத்தான் கபிலர் தலைவன் வீட்டு வாசலுக்கு வருகிறார். அங்கே ஒருத்தியின் கண்ணீருக்கு நிறுத்தம் இல்லை.

4. முன்னால் போனவர்கள்

வளர்ந்தபின் பழைய நூல்களுக்கு வந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், தமிழில் அதன் தலைப்பில் நிற்பவர் உ.வே. சாமிநாதையரே. இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1855இல் பிறந்தவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் மாற்றமில்லை. இவற்றால் என்ன பயன் என்கிறார். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா? இல்லை. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. கல்லூரியில் சம்பளம் வாங்கும் தமிழ்ப் பண்டிதர். தமிழின் நடுக்கட்டு எதுவோ அதை அவர் கண்ணால் கூடப் பார்த்திருக்கவில்லை.

அதன்பின் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் விரைந்து சொல்கிறேன். முதலியார் சிந்தாமணிப் படி ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார். படித்தால் புரியவில்லை. சமணக் கருத்துகள் தெரியாமல் அந்த நூல் பிடிகொடுக்காது. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், அவர்கள் வழிவழியாகப் படித்துவந்த நூலை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஆசிரியராக இருந்தவர் மறுபடி மாணவராகிறார். 1887இல் சீவகசிந்தாமணி அச்சாகிறது, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. பேகனைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோமே, அந்தப் பக்கங்கள் நம் கைக்கு வந்தது அந்த வரிசையில்தான்.

இந்தக் கதையில் முதலியாரை எல்லோரும் தூண்டுகோலாக மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அவரே முக்கியம். அவர் பண்டிதர் இல்லை. வழக்கு விசாரித்து அலுத்து வீட்டுக்கு வரும் அரசு அலுவலர். அச்சேறாத பழைய காவியத்தைத் தேடி வைத்திருந்தவர், அதைச் சேர்ந்து படிக்க ஆள் தேடியவர். பண்டிதர் அல்லாத வாசகர் ஒருவரின் தாகம் ஒரு மொழியின் நூலகத்தையே மாற்றியது என்றால் அது மிகையில்லை.

பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு இருக்கிறது. மலைவாழ்வை 261 அடிகளில் பாடிய அதே கபிலர், 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார். சாமிநாதையருக்குக் கிடைத்த ஏடுகளில் அந்தப் பூக்களில் சில விடுபட்டிருந்தன. தருமபுர ஆதீனத்துக்குப் போய், உதிரி ஏடுகளைப் புரட்டி, விட்டுப்போன அடிகளைக் கண்டெடுத்தார். சில பூக்களின் பெயருக்காக ஒரு மனிதன் ஊர்விட்டு ஊர் போய்ப் பழைய ஏட்டுக் கட்டுகளை அவிழ்த்தான் என்பதை இந்த மலையில் குறிஞ்சியைப் பார்த்தவர்கள் விளங்கிக்கொள்வார்கள். 2006இலும் 2018இலும் இங்கே குறிஞ்சி பூத்தபோது அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாம் வந்தார்கள்! அந்தக் குறிஞ்சிப்பாட்டு யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு. பிரகதத்தன் என்னும் ஆரிய அரசனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகக் கபிலர் பாடியது என்கிறது மரபு. அரசாண்ட ஒருவன், தன் தாய்மொழி அல்லாத ஒரு மொழியின் கவிதையைப் புதிதாகக் கற்க உட்கார்ந்திருக்கிறான். தமிழின் மிகச் சிறந்த நெடும்பாட்டுகளுள் ஒன்று முதியோர் கல்விக்கான பாடம் என்பதைக் காட்டிலும் என் கருத்துக்கு நான் வேறு என்ன ஆதாரம் தேட?

இன்னும் இருவரை மட்டும் சொல்கிறேன். ஏ.கே. ராமானுஜன் மைசூரில், வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சங்கத்தமிழ் படித்தவர் இல்லை. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடப் போனவர் கையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை கிடைக்கிறது. முப்பத்து மூன்று வயதில், சொந்த ஊரிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி! ஐந்தே ஆண்டில், 1967இல், அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. உலகின் பல பகுதிகளில் குறுந்தொகையை முதலில் அறிந்தவர்கள் அந்த நூலால் அறிந்தார்கள். ஜி.யு. போப் 1820இல் பிறந்தவர். அவரது திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது, திருவாசகம் 1900இல். எண்பதாவது வயதில் மணிவாசகரை முடித்த அவரை வைத்துக்கொண்டு ஐம்பது வயதில் நாம் என்ன சாக்குச் சொல்வது?

5. எதைக் கையில் எடுப்பது

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். தொகைநூல்கள் கதைநூல்கள் இல்லை. எங்கே வேண்டுமானாலும் நுழையலாம்.

சொற்களைப் பிரித்து அச்சிட்ட பதிப்பு ஒன்று வேண்டும். சந்தி சேர்ந்து கிடக்கும் அடியைப் பார்த்ததுமே பாதிப் பேர் நூலை மூடிவிடுகிறார்கள். ஏல நிறுவனம் நடத்திய மர்ரே எஸ். ராஜம் என்ற பெருமகன் இந்தத் தொல்லையை உணர்ந்து, அறிஞர்களை வைத்துப் பதம் பிரித்து, சங்க நூல்களை 1950களில் மலிவு விலையில் போட்டார். அவருக்கு ஒரு பெரிய கும்பிடு. புறநானூற்றுக்கு ஔவை துரைசாமிப் பிள்ளையின் விரிவுரை இருக்கிறது. பழைய உரை முதல் 266 பாட்டுகளுக்குத்தான் கிடைத்திருக்கிறது, அதை உ.வே.சா. பதிப்பில் பார்க்கலாம். சுஜாதா புறநானூற்றையும் குறுந்தொகையையும் எளிய புதுக்கவிதை வடிவில் தந்திருக்கிறார். புலவர்கள் பலருக்கு அதில் குறை உண்டு, எனக்கும் சில இடங்களில் உண்டு. ஆனாலும் அந்த நூல்களைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்கு வந்தவர்களை நான் நேரில் அறிவேன். வந்து சேர்ந்த பிறகு மூலத்தை விட்டுவிடாதீர்கள்.

பாட்டை முதலில் வாய்விட்டுப் படியுங்கள், புரியாவிட்டாலும். பிறகு உரை. பிறகு மறுபடி வாய்விட்டு. அந்த இரண்டாவது வாசிப்பில் காதுக்குக் கிடைப்பதுதான் நான் பேசிக்கொண்டிருக்கும் இன்பம். தனியாகவும் படிக்கலாம், ஆனால் சேர்ந்து படிப்பதற்கு ஈடில்லை. முதலியாருக்கு ஒரு சாமிநாதையர் தேவைப்பட்டார், சாமிநாதையருக்குக் கும்பகோணத்துச் சமணர்கள் தேவைப்பட்டார்கள். எனக்கு நேற்று அந்தச் செவிலியர் தேவைப்பட்டார்.

அறக்கட்டளையினருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறீர்கள். அதோடு, மாதம் ஒரு மாலைப்பொழுது, இதே மண்டபத்தில், புறநானூற்றுப் பிரதிகள் பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்து, வருகிறவர்கள் உட்கார்ந்து படிக்க இடம் கொடுங்கள். வகுப்பு எடுக்க யாரும் வேண்டாம். தேநீர் மட்டும் போதும். 143 முதல் 147 வரை, ஐந்தும் சேர்த்து ஏறத்தாழ அறுபது அடிதான். முதல் மாலைக்கு அவை நிறையவே போதும். அதற்கு நான் பழனி வழியாகப் பேருந்தேறி வருகிறேன், பின்வரிசையில் உட்காருகிறேன். பூண்டு போடுகிறவர்களும் செவிலியர்களும் கடைக்காரர்களும் முன்வரிசையில் உட்காருங்கள்.